வளர்ந்த சிகரமும் வளர்ந்த நாற்காலியும்

சிகரம் வளர்கிறது என்ற செய்தி பரவிய வாரத்திலேயே நகரத்தில் பாதிப்பேருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேருந்துகளின் முதுகில் அதே அறிவிப்பு. மின்கம்பங்களில் அதே அறிவிப்பு. முடிதிருத்தகத்துக் கண்ணாடியில், முகம் தெரியவேண்டிய இடத்திலும் அதே அறிவிப்பு. "பன்னிரண்டு அடிச் சிகரம் பதின்மூன்று அடி ஆனது. வரும் ஞாயிறு பதினான்கைத் தொடும். கண்ணால் காண வருக. கையால் அளக்க வருக."

வளர்ந்தது செடியன்று, குழந்தையன்று. தகரம். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் நடுவே, பக்கத்துக்குப் பத்து அடியான சதுர அடித்தளத்தின்மேல், நான்கு சரிந்த பக்கங்கள் உச்சியில் ஒரே முனையாகக் கூடும்படி தகடுகளை அடித்துப் பொன்வண்ணம் பூசி நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிரமிடு என்று பெயர். கிடங்கில் அதற்கு வளர்சிகரம் என்று பெயர். தகரம் வளராது என்பது தகடு விற்ற கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் அவரும் வரிசையில் நின்றார். தாம் விற்ற தகடா இப்படி உயர்ந்தது என்ற பெருமை அவருக்கு.

வரிசையில் வக்கீல் நின்றார், லாரி ஓட்டுநர் நின்றார், வங்கி அதிகாரி நின்றார், அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளும் நின்றார். சமத்துவத்தை எங்கெங்கோ தேடிக் களைத்த உலகம் இது. ஏமாறும் இடத்தில் மட்டும் அது குறைவின்றிக் கிடைத்தது.

நோயாளிகளுக்குத் தனிச் சலுகை உண்டு. அவர்கள் ஆளுக்கொரு தகரக் கூம்பை விலைகொடுத்து வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிகரத்தைச் சுற்றி உட்காரவேண்டும். சிகரம் ஏற ஏற நோய் இறங்கும் என்பது ஏற்பாடு. தலைக்குமேல் கூம்பு, தலைக்குள் வெற்றிடம். இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தின.

இத்தனைக்கும் உரியவர் சிகரத்தார். வெள்ளை அங்கி, வெண்ணெய்க் குரல், எப்போதும் பாதி மூடிய கண்கள். அவர் மற்ற மந்திரவாதிகளைப்போல் நம்பு நம்பு என்று மிரட்டுகிறவர் அல்லர். "நம்புங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அளந்து பாருங்க. டேப்பை நீங்களே பிடிங்க. டேப் பொய் சொல்லுமா?" என்பார். இப்படிப்பட்ட நேர்மையாளரை இதற்குமுன் யார் கண்டார்கள்?

முதல் கூட்டத்தில் சிகரத்தின் பக்கவாட்டிலிருந்த சிறு கதவைத் திறந்து, கூட்டத்திலிருந்தே ஒருவரை உள்ளே அனுப்பினார். உச்சியிலிருந்து தரைக்கு நேராகத் தொங்கவிட்ட டேப் பன்னிரண்டு அடி காட்டியது. உடனே கதவைச் சாத்தினார். உள்ளே சக்தி கருக்கொள்கிறதாம். இனி உள்ளே நுழைகிறவர்களுக்குக் கண் போய்விடுமாம். அடுத்த மாதக் கூட்டத்தில், வெளியே ஏணி வைத்து, உச்சிமுனையிலிருந்து ஒரு பக்கத்தின் நடுவழியாகத் தகட்டின்மேலேயே டேப்பை இறக்கினார்கள். பதின்மூன்று அடி. ஒரு முழு அடி வளர்ச்சி. கிடங்கின் கூரை அதிரக் கைதட்டினார்கள்.

அன்று கைதட்டாமல் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. தட்டாததற்குக் காரணம் அறிவன்று, திகைப்பு. எண்ணை நம்பியே வாழ்கிறவர் அவர். அந்த எண்ணே எதிர்த்தரப்பில் ஏறிச் சாட்சி சொன்னால் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் அங்கே போனது வேடிக்கை பார்க்க அன்று. கூம்பு கவிழ்த்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவருடைய கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நகரத்துக்கே பார்வையைத் திருத்திக் கொடுக்கும் தொழில். கண்ணாடிக்காரரின் கழுத்தில், குரல்வளைக்கு அருகே, ஒரு கட்டி எழும்பியிருந்தது. அதை அறுத்து எடுக்கவேண்டும் என்றார் மருத்துவர். ஒரு முறை நாள் குறித்தார்கள், கண்ணாடிக்காரர் போகவில்லை. இரண்டாம் முறை குறித்த நாள் வரும் திங்கட்கிழமை. "இதையும் தள்ளினீங்கன்னா கட்டி மூச்சுக்குழாயை அழுத்தும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கண்ணாடிக்காரருக்குக் கத்தி என்றால் பயம். பயந்தவன் வீட்டுக்கதவை மோசடி தட்டுவதில்லை, அது திறந்தேதான் கிடக்கும்.

அந்தக் கதவு வழியாகச் சிகரத்தாரை அழைத்து வந்தவர் கண்ணாடிக்காரரின் அக்காள்.

"தம்பி, கட்டி குறைஞ்சிருக்குன்னு அவரே அளந்து காட்டினாரே. எட்டு சென்டிமீட்டர் இருந்தது ஆறரை ஆயிடுச்சு. இன்னும் என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்பார் அக்காள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தொட்டுப் பார்த்தா குறைஞ்ச மாதிரி தெரியலையே, அண்ணி" என்பார் ஆசிரியை.

"தொட்டுப் பார்க்கிறது உன் கை. அளந்து பார்த்தது டேப். எது பெரிசு?"

கண்ணாடிக்காரர் சட்டைக் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை பதினாலு வந்துடட்டும். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்பார். பதினான்கு வந்துவிட்டால் திங்கட்கிழமை அவர் மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்பது சாப்பாட்டு மேசைக்கே தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஆசிரியை சாயுயரப் பாடம் எடுத்தார். ஆண்டுதோறும் எடுக்கும் பாடம். ஆண்டுதோறும் மாணவர்கள் அதே தவற்றைச் செய்யும் பாடம். அட்டையில் செய்த பிரமிடைக் கொடுத்து, உயரத்தை அளந்து கரும்பலகையில் எழுதச் சொன்னார். முதல் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, அட்டையின் சரிந்த பக்கத்தின்மேல் அளவுகோலைச் சாய்த்துவைத்துப் பார்த்துவிட்டு, உயரம் பதின்மூன்று என்று எழுதினாள்.

"தப்பு" என்றார் ஆசிரியை.

"ஸ்கேல்ல பதிமூணுதான் காட்டுது டீச்சர். ஸ்கேல் பொய் சொல்லுமா?"

"ஸ்கேல் பொய் சொல்லாது. நீ எங்க வச்சேன்னு அது சொல்லாது, அவ்வளவுதான். நீ அளந்தது சாயுயரம். உயரம்னா உச்சியிலேர்ந்து தரைக்கு நேரா விழணும். இதோட அடித்தளம் பத்து, அதுல பாதி அஞ்சு. நேர் உயரம் பன்னிரண்டு. அஞ்சின் வர்க்கம் இருபத்தஞ்சு, பன்னிரண்டின் வர்க்கம் நூத்திநாப்பத்திநாலு. கூட்டினா நூத்தி அறுபத்தொன்பது. அதோட வர்க்கமூலம்..."

"பதிமூணு" என்றது வகுப்பு.

ஆசிரியையின் கையிலிருந்த சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றது. கிடங்குச் சிகரத்தின் அடித்தளமும் பத்து அடிதான். முதல் மாதம் உள்ளே நேராக விட்டார்கள், பன்னிரண்டு. அடுத்த மாதம் வெளியே சரித்தார்கள், பதின்மூன்று. வரும் ஞாயிறு மூலைவிளிம்பு வழியாக அளக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். மூலை நடுவைவிடத் தள்ளியிருக்கிறது, ஆகவே இன்னும் நீளும். இந்தத் தவற்றுக்கு அவர் மாணவர்களிடம் இரண்டு மதிப்பெண் குறைப்பார். இதே தவற்றுக்குச் சிகரத்தார் மாலை வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து நினைவு வந்தது மாலையன்று, கழுத்து. முதல் முறை அந்தக் கட்டியின் மேட்டின்மீது டேப்பை வளைத்து ஏற்றி இறக்கி அளந்தார்கள், எட்டு. இரண்டாம் முறை இரு மரச்சட்டங்களுக்கு நடுவே கட்டியைப் பிடித்து, இடைத்தூரத்தை நேர்க்கோட்டில் அளந்தார்கள், ஆறரை. சிகரத்தை நேரிலிருந்து சரிவுக்கு மாற்றினார்கள், அது வளர்ந்தது. கட்டியை மேட்டிலிருந்து நேருக்கு மாற்றினார்கள், அது குறைந்தது. ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் அட்டையை வைத்துக்கொண்டு விளக்கினார். கணவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது அட்டை. இது சிகரம்" என்றார்.

"பாரும்மா, உன் பள்ளிக்கூடத்துக் கணக்கை உன் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கோ" என்றார் அக்காள்.

தேற்றத்தை மறுக்கத் தெரியாதவர்கள் அதை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவது வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் மூச்சுவிட இடமில்லை. கூம்பு கவிழ்த்தவர்கள் வளையம் வளையமாக உட்கார்ந்திருந்தார்கள். சிகரத்தார் ஒலிபெருக்கியின் முன் நின்றார். அவருடைய ஆள் ஏணியேறி டேப்பின் தலைப்பை உச்சியில் பிடித்துக்கொண்டான்.

"கீழ்நுனியைப் பிடிக்க உங்கள்ல ஒருத்தர் வாங்க. என் ஆளுங்க பிடிச்சா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

ஆசிரியை கைதூக்கினார்.

"என்ன வேலைம்மா பார்க்கிறீங்க?"

"பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லித் தரேன்."

சிகரத்தாரின் பாதிக் கண் முழுக்கண் ஆனது. "கேட்டுக்குங்க. கணக்கு டீச்சரே அளக்கிறாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மூலைவிளிம்பின் வழியே டேப் இறங்கியது. ஆசிரியை தரையில் குனிந்து படித்தார். "பதிமூணு அடி பதினோரு அங்குலம்."

கூட்டத்தில் முனகல் எழுந்தது. ஓர் அங்குலம் குறைகிறதே. சிகரத்தார் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு அங்குலம். இந்தக் கூட்டத்துல யாரோ ஒருத்தர் முழுமனசோட வரல."

ஒவ்வொருவரும் தமக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். யாரும் தம்மைப் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் ஆசிரியை, டேப்பை விடாமல். "சிகரத்துப் பக்கத்துல இருக்கிறவங்களும் வளருவாங்களா?"

"வளருவாங்க. கண்ணுக்குத் தெரியாம."

"டேப்புக்குத் தெரியுமே. எப்பவும் பக்கத்துல இருக்கிறவர் நீங்கதான். உங்களை அளந்து பார்த்துடலாமா?"

கூட்டம் ஆவலோடு நிமிர்ந்தது. ஆசையோ அச்சமோ, சிகரத்தாரால் மறுக்கமுடியவில்லை. நேராக நின்றார். ஆசிரியை ஏணியிலிருந்த ஆளை இறங்கச்செய்து, சிகரத்தாரின் உச்சந்தலையில் டேப்பின் தலைப்பை வைக்கச்சொல்லிப் பாதத்தருகே நேராக இறக்கினார். லாரி ஓட்டுநரை அழைத்துப் படிக்கச் சொன்னார்.

"அஞ்சரை அடி."

அடுத்து, டேப்பின் கீழ்நுனியை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய காலடி தள்ளிப்போய்த் தரையில் வைத்தார். "இப்பப் படிங்க."

"ஆறே கால்" என்றார் ஓட்டுநர். மறுபடி குனிந்து பார்த்தார். "ஆறே காலேதான்."

கிடங்கு அதிர்ந்தது. முன்வரிசையில் நான்கைந்து பேர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். கண்ணாடிக்காரரின் அக்காள் கண்ணீர் விட்டார். சிகரத்தாரின் முகத்திலும் ஒரு நொடி உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அடுத்த நொடி அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய அடியார்களுக்குப் புரியவில்லை. குருவைவிடச் சீடர்கள் ஆழமாக நம்புவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

ஆசிரியை அசரவில்லை. சிகரத்தார் உட்காரும் பட்டுமெத்தை நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். முதுகுச்சட்டத்தின் உச்சியிலிருந்து நேராக அளந்தார்.

"மூணு அடி" என்றார் ஓட்டுநர்.

நான்கு அடி தள்ளி நுனியை வைத்தார்.

"அஞ்சு அடி" என்ற ஓட்டுநரின் குரல் இறங்கியிருந்தது.

இம்முறை யாரும் விழவில்லை. பாத்திரம் துலக்கும் அம்மாள் மட்டும் கேட்டார். "நாற்காலிக்கு என்னம்மா நோய் இருந்துச்சு? அதுவும் கூம்பு போட்டுக்கிட்டா உட்கார்ந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமல்போல் பரவியது.

"நாற்காலி ஒண்ணுமே பண்ணலீங்க. நான்தான் நுனியைத் தள்ளி வச்சேன்" என்றார் ஆசிரியை. "நேரா இறக்கினா உயரம். சரிச்சா சாயுயரம், அது எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும். மூலையிலேர்ந்து சரிச்சா இன்னும் கூடும். முதல் தடவை உள்ளே நேரா விட்டாங்க. ரெண்டாவது தடவை பக்கத்து மேல சரிச்சாங்க. இன்னிக்கு மூலையில. டேப்தான் இடம் மாறிச்சு. தகரம் இருந்த இடத்துல, இருந்தபடிதான் இருக்கு. நான் சொல்றது தப்புன்னா, முதல் நாள் மாதிரியே உள்ளே விட்டு இன்னொரு தடவை அளந்துடுங்க."

"இதெல்லாம் படிச்சவங்க குதர்க்கம்" என்றார் சிகரத்தார்.

"குதர்க்கம் இருக்கட்டும் பெரியவரே. அந்தச் சின்னக் கதவைத் திறங்க" என்றார் ஓட்டுநர்.

"திறந்து உள்ளே போனா கண்ணு போயிடும். போனவங்களுக்கு யார் பொறுப்பு?"

கூட்டம் தயங்கியது. கண் என்றால் யாருக்கும் தயக்கம்தான். அப்போது கூம்புகளின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார்.

"நான் கண்ணாடிக் கடைதான் வச்சிருக்கேன். கண்ணு போனா நான் பார்த்துக்கிறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

மனைவி கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் தாமே இழுத்துத் திறந்து, தலைக்கூம்பு வாசல்நிலையில் இடிபடக் குனிந்து உள்ளே போனார். தகரத்துக்குள்ளே டேப் உச்சிவரை ஏறி உரசும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்காள் எழுந்து நின்று, "தம்பி" என்று கூப்பிட்டார்.

"பன்னிரண்டு" என்றது தகரம். சிறிது பொறுத்து, "பன்னிரண்டேதான்" என்றது.

அவர் வெளியே வந்தார். கண்கள் இருந்த இடத்தில் இருந்தன. தலையிலிருந்த கூம்பைக் கழற்றி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சந்தேகப்பட்டீங்க இல்ல, அதான் சுருங்கிடுச்சு" என்றார் சிகரத்தார்.

ஓட்டுநர் அதற்குள் அந்த டேப்பை வாங்கி, ஏணியேறி வெளிப்பக்கத்தில் சரித்துவிட்டிருந்தார். "வெளியே பதிமூணு காட்டுதே பெரியவரே. ஒரே நேரத்துல உள்ளே சுருங்கி வெளியே வளருதா? ஒரு தகரத்துக்கு இவ்வளவு வேலையா?"

கிடங்கு முழுவதும் சிரித்தது. அழவேண்டியவர்கள் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். தகடு விற்றவர் மட்டும், தம் சரக்கைக் குறை சொல்ல முடியாது என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கூம்புகள் ஒவ்வொன்றாகத் தலையைவிட்டு இறங்கின. சிகரத்தார் ஆசிபோல் கையை உயர்த்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளிடம் ஏதோ முணுமுணுத்தார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். "பின்வாசலுக்கு வண்டியக் கொண்டா. சீக்கிரம்" என்ற அருள்வாக்கு நாலா பக்கமும் தெளிவாக ஒலித்தது. அவர் சொன்னவற்றிலேயே ஐயத்துக்கு இடமின்றி நிறைவேறிய வாக்கு அது ஒன்றுதான்.

கூட்டம் பின்வாசலை நோக்கிப் பாய்ந்தது. நடுக்கூடத்தில் கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"அன்னிக்கு வச்ச மாதிரியே வை" என்றார் கண்ணாடிக்காரர். சட்டைக் கழுத்தைத் திறந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாங்க."

"இல்ல. இங்கேயே வை."

ஆசிரியை டேப்பைக் கட்டியின் ஓர் ஓரத்தில் வைத்து, மேட்டின்மேல் ஏற்றி, மறு ஓரத்தில் இறக்கினார். எண் தெரியும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி, டேப்பை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். அவர் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளிப் பிடித்தும் பார்த்தார்.

"ஒன்பது" என்றார். "என் கண்ணாடியை மாத்தணுமோ?"

"வேண்டாங்க. சரியாத்தான் படிச்சீங்க."

திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் பச்சைத்துணியை அவரே வாங்கி உடுத்திக்கொண்டார். தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்தார். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு சிகரம் கட்டுவதாகும். பயம் இருந்தது, பயத்தோடு போனார். கதவு மூடியது. ஆசிரியை வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நடப்பதைக் கணக்கிடும் சூத்திரம் அவர் பாடநூலில் இல்லை.

மருத்துவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். "எடுத்தாச்சு. மூச்சுக்குழாயை ஒரு பக்கமாத் தள்ள ஆரம்பிச்சிருந்தது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நான் பொறுப்பு சொல்லியிருக்கமாட்டேன். ரெண்டு நாளைக்கு அவர் பேசக்கூடாது."

மறுநாள் அக்காள் பழக்கூடையோடு வந்தார். தம்பியின் கட்டுப்போட்ட கழுத்தைப் பார்த்தார், கண்கலங்கினார், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன இருந்தாலும் தம்பி, அந்த மனுஷர் ஏதோ கொஞ்சம் முன்னப்பின்ன அளந்துட்டார்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அவர் ஆசி இருந்ததாலதான் ஆபரேஷன் இவ்வளவு நல்லபடியா முடிஞ்சுது."

ஆசிரியை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்காரர் அக்காளை அருகே குனியச் சொல்லிக் கையசைத்தார். மருத்துவர் விதித்த தடையை மீறி, காற்றும் குரலுமாகக் கலந்த ஓசையில், அறுத்துத் தைத்த கழுத்திலிருந்து முதல் வாக்கியத்தை வெளியே கொண்டுவந்தார்.

"அக்கா, வீட்டுக்குப் போ. போய் யோசி. யோசிச்சுட்டு வா."

இதைப் படிக்கிறவர்களுக்கும் அந்த வேண்டுகோள் பொருந்தும். யோசிப்பதற்கு, கழுத்தில் கத்தி படும்வரை காத்திருக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.